பாட்டு விழுகிற வளைவு

மைக்கம்மாவின் வேலை ஒரு பட்டனை அமுக்குவது. சரியான நேரத்தில் அமுக்க வேண்டும். இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் இருபத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி செய்து பார்த்துவிட்டு வரட்டும், பேசுவோம்.

சுற்றுலா பஸ் கம்பெனியில் அவர் கைடு. எப்போதும் கையில் மைக் இருக்கும், அதனால் மைக்கம்மா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டிலும் சங்கப் பதிவேட்டிலும் மட்டும்தான். சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், எந்தத் தீர்மானமானாலும் கையைத் தூக்குவார். பேசக் கூப்பிட்டால் மட்டும், "நாள் பூரா பேசிட்டுத்தான் வரேன், விடுங்க தோழர்" என்பார்.

எங்கள் மலைப் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு காலத்தில் பாட்டெழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவைக்கவில்லை. பாலத்துக்கு ஒரு பாட்டு, அருவிக்கு ஒரு பாட்டு, பனிமூட்டத்துக்கு இரண்டு. எல்லாம் வானொலியில் ஓடி ஓடி ஊரெல்லாம் மனப்பாடம் ஆனவை. கம்பெனி இதை மோப்பம் பிடித்தது. ஏழு பாட்டு, ஏழு இடம், ஒரு பஸ். ஒவ்வொரு இடம் வரும்போதும் அந்த இடத்தின் பாட்டு ஒலிக்கும். முப்பத்தாறு சீட்டும் நிரம்பி வழியும். வருகிறவர்கள் மலையை முதல்முறை பார்க்கிறவர்கள், ஆனால் பாட்டை முப்பது வருஷமாகக் கேட்டவர்கள். பாட்டில் சொன்னபடி மலை நடந்துகொள்கிறதா என்று சரிபார்க்கவே வந்ததுபோல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறாவது பாட்டுதான் பெரிய பாட்டு. ஏரிப் பாட்டு. அதில் ஒரு வரி வரும்:

*ரெண்டு மலை தோள் உரசும், நடுவுல ஏரி கண் முழிக்கும்.*

இந்த வரி எங்கே விழ வேண்டும் என்பதில்தான் மைக்கம்மாவின் கைவேலை இருந்தது. பதினாலாம் மைல்கல்லைத் தாண்டும்போது பட்டனை அமுக்குவார். புல்லாங்குழல் வரும், பல்லவி வரும், முதல் சரணம் முடியும். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஏரி தெரிகிற அந்த நொடியில் அந்த வரி வந்து விழும். ஒரு நொடி முந்தினாலும் பாழ், பிந்தினாலும் பாழ். டிரைவர் வேகத்தை ஏற்றி இறக்கினால் கணக்கு தப்பும். அவருக்கு ஜோடியாக வாய்த்த டிரைவர் முப்பதைத் தாண்டாத மனுஷர். டிப்போவில் அவருக்குப் பெயரே முப்பது. ஆம்புலன்ஸ் ஓட்டினாலும் முப்பதில்தான் ஓட்டுவார் என்று கேலி செய்வார்கள்.

பதினாலாம் கல் என்பதை மைக்கம்மா கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த கைடு வேலையை விட்டுப் போகும்போது ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். ஏழு பாட்டு, ஏழு மைல்கல். வேறு விளக்கம் இல்லை. இவரும் கேட்கவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள் என்பது அவரோடு போய்விட்டது.

பத்து வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு மழையில் மண் சரிந்து அந்தச் சாலை மூடிக்கொண்டது. மலைக்கு மறுபக்கம் சுரங்கப்பாதை வழியாகப் புதுச் சாலை திறந்தார்கள். கம்பெனி மேனேஜரிடம் போய் மைக்கம்மா கேட்டார், "சார், பாட்டை எங்க போடுறது?"

"பாட்டெல்லாம் அதேதான்மா. ரோடு மட்டும்தான் வேற."

"ஏரி அந்தப் பக்கம்ல இருக்கு சார்?"

"இந்தப் பக்கமும் ஏதாவது இருக்கும். மலைன்னா தண்ணி இல்லாமலா?"

இதுதான் நிர்வாகம். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவன்தான் அந்த வேலைக்கு மேலாளராக இருப்பான். முப்பது வருஷச் சங்க வேலையில் இதற்கு விதிவிலக்கு ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் புதுச் சாலையில் மைல்கல்கூட நடவில்லை. சுரங்கம் தாண்டியதும் பின்சீட்டில் இருந்து குரல் வந்தது: "ஏரிப் பாட்டு எப்பம்மா?" பதற்றத்தில் மைக்கம்மா பட்டனை அமுக்கிவிட்டார். புல்லாங்குழல் போனது. பல்லவி போனது. எதிரே ஒரு லாரி வந்தது, முப்பது இருபதுக்கு இறங்கினார், பஸ் ஒரு வளைவில் திரும்பியது. வரி விழுந்தது.

முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பச்சை மேடு. நடுவில் பச்சைத் தண்ணீர். கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன.

முப்பது குரலைத் தாழ்த்திக் கேட்டார், "என்னம்மா இது?"

"தெரியலண்ணே."

"இது குவாரிக் குழிம்மா."

"தெரியுது. மெதுவா பேசுங்க."

"மழைத் தண்ணி தேங்கி நிக்குது. இது போயி ஏரியா?"

"அண்ணே, மூணாவது சீட்டைப் பாருங்க, அழுவுறாங்க. இப்ப எப்படிப் போயி இது ஏரி இல்லைன்னு சொல்றது? நீங்க ஓட்டுங்க."

மறுநாளும் அதே இடத்தில் அமுக்கினார். அதற்கு மறுநாளும். பன்னிரண்டு வருஷம்.

அந்தக் குழியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது ஒரு முழு மலையாக இருந்தது. இருபது வருஷம் உடைத்துத் தின்றார்கள். இரண்டு மேடும் கழிவுக் கல் கொட்டிய குவியல், புல் முளைத்துவிட்டது. உடைத்தவர்களை எனக்குத் தெரியும். குவாரியை ஒரே நாளில் மூடியபோது வாசலில் மூன்று வாரம் உட்கார்ந்தோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்தக் குடும்பங்கள், பஸ் அங்கே நிற்க ஆரம்பித்த பிறகு வளைவின் ஓரத்தில் கடை போட்டன. சுட்ட சோளம், டீ, தொப்பி, ஏரிப் படம் போட்ட சாவி வளையம் என்று பதினாலு கடை. நாங்கள் மூன்று வாரத்தில் வாங்கித் தராத பிழைப்பை ஒரு பாட்டு ஒரு மாதத்தில் வாங்கிக் கொடுத்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

இந்த நிலையில்தான் அந்த அத்தாட்சித் தாள் வந்தது.

சுற்றுலாத் துறை, பாட்டில் வரும் இடங்களில் கல்வெட்டு நடுகிறதாம். ஆறாம் பாட்டின் இடத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம். நீண்ட காலம் பணிபுரிந்த கைடு கையெழுத்திட வேண்டும். "மேற்படி இடமே பாடலில் குறிப்பிடப்படும் இடம் என நான் நேரில் அறிவேன்." கீழே கோடு. இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும்.

டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. தாளை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு மைக்கம்மா அதைப் பார்த்தபடியே சமைத்தார். வீட்டுக்காரர் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் எழுந்து வெளியே போய்விடும் மனுஷர்.

"போட்டுத் தொலையேன் கையெழுத்தை," என்றார் அவர்.

"நேர்ல அறிவேன்னு போட்டிருக்குங்க."

"எதை?"

"இதுதான் அந்த எடம்னு."

"அறிவியா?"

"இது குழின்னு அறிவேன்."

"அப்ப அதை எழுது."

"எழுதினா கல்லை அந்தப் பழைய ரோட்டுல நடுவாங்க. அந்த ரோட்டையும் சரிபண்ணப் போறாங்களாம். பஸ் அங்க போயிரும். இங்க பதினாலு கடையும் ஈ ஓட்டணும்."

"அப்ப இதையே எழுது."

"பொய்யில்ல?"

வீட்டுக்காரர் தட்டை நகர்த்தினார். "இருபத்திரண்டு வருஷமா என் காதை அறுத்துட்டு, இப்ப வந்து தெரியலங்கிற பாரு, அதான் எனக்குத் தாங்கல."

அடுத்த வாரம் பஸ்ஸில் முதல் சீட்டில் ஒரு வயதான அம்மாள் ஏறினார், கூடத் தம்பி. தம்பி மைக்கம்மாவிடம் குனிந்து சொன்னார், "ஏரிப் பாட்டு எழுதினவரு எங்க மாமாதான். இவங்க அவரு சம்சாரம். கல்லு நடுறதுக்கு முன்னாடி ஒருதரம் பாக்கணும்னாங்க."

பட்டனை அமுக்கும்போது மைக்கம்மாவின் விரல் வழுக்கியது. ஆனாலும் வரி சரியாகத்தான் விழுந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"இதான். இதேதான்."

மைக்கம்மாவுக்கு உயிர் வந்தது. பஸ் நின்றதும் டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஐயா இந்த எடத்தைப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"சொல்லாம? வளைவு திரும்பினா தண்ணி நிமிர்ந்து பாக்கும்னு சொல்வாரு. பாத்துச்சே!"

"அவரு எப்பம்மா இங்க வந்தாரு?"

"எங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம். முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

மைக்கம்மா டீயைக் கீழே வைத்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே குழியும் இல்லை, தண்ணீரும் இல்லை. முழு மலை நின்றது.

"அவரு... இந்த எடத்துல நின்னாராம்மா?"

"நிக்கவா? அவருக்கு அன்னிக்கு நெருப்பா காய்ச்சல். ஜன்னல்ல தலையைச் சாய்ச்சவரு, பஸ்ஸை விட்டு இறங்குறப்பதான் முழிச்சேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பாட்டை எழுதினது எங்க வீட்டு மாடிப்படியில உக்காந்து. மேல் வீட்டுக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும், அந்தச் சத்தத்துல."

"அப்ப எதைப் பாத்து எழுதினாரு?"

அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். "அதை நான் கேக்கலியேம்மா."

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, இப்பத்தானே இதேதான்னு அழுதே?"

"ஆமா. இதேதான்."

"மாமாதான் தூங்கிட்டு வந்தாருங்கிற?"

"தூங்கினா என்னடா? இதேதான்."

மைக்கம்மா அன்று ஏழாம் பாட்டைப் போட மறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை.

வார விடுமுறை அன்று அவர் முப்பதின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பழைய சாலைக்குப் போனார். ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். குழி பொய் என்றால் பழைய வளைவு நிஜம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால், கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் மனசுக்குள் ஒரு தரை இருக்கும் என்று நினைத்தார்.

மண் சரிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். பதினாலாம் கல் சாய்ந்து கிடந்தது. வளைவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரி இருந்தது. ஏரிக்கு அந்தப் புறம் ஒரு மலை இருந்தது.

"இன்னொரு மலை எங்கண்ணே?"

"மண்சரிவுல போயிருக்கும்."

"மலையா போகும்?"

"பாதி போகும்."

"சரிஞ்ச மண்ணு நாம நடந்து வந்த எடத்துலல்ல கெடக்குது? இங்க ஒண்ணும் சரியலியே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பத்து வருஷம் இந்தப் பக்கம் வந்தோமே, ரெண்டு மலை இருந்துச்சா, ஒண்ணா?"

"நீதானேம்மா தெனமும் மைக்குல சொல்லுவ, ரெண்டு மலை பாருங்கன்னு. நான் பாக்கவா முடியும்? வளைவும்மா அது. நான் ரோட்டைப் பாப்பேன்."

மைக்கம்மா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்க வழியும் இல்லை. கைடு என்பவர் ஆட்களைப் பார்த்து நிற்பவர். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அவர் முதுகு. அந்த வளைவில் பஸ் நின்றதும் இல்லை. வரி விழும் நொடியில் பத்து வருஷமும் அவர் பார்த்தது முப்பத்தாறு முகங்களை. ஏரியை அந்த முகங்களில்தான் பார்த்திருக்கிறார். அந்த நொடியில் குழியையும் அப்படியே. இரண்டு இடத்திலும் முகங்கள் ஒரே மாதிரி இருந்தன.

"ஏண்ணே, அப்ப இதுவும் இல்லையா?"

"எதும்மா?"

"இந்த எடமும் பொய்தானா?"

முப்பது ரொம்ப நேரம் யோசித்தார். அவர் யோசனையும் முப்பதில்தான் ஓடும். "ஏரி நெசந்தாம்மா. தண்ணி இருக்கு பாரு," என்றார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சோளக்காரி அவரைப் பிடித்தாள். வளைவில் முதல் கடை அவளுடையது. குவாரியில் அவள் புருஷனுக்கு இரண்டு விரல் போயிற்று. அடுப்புக்கரியை விசிறிக்கொண்டே கேட்டாள்.

"தாளைக் குடுத்துட்டியாக்கா?"

"இல்லடி."

"எங்க வீட்டாளு சொன்னாரு, நீ பழைய ரோட்டுக்குப் போனியாமே. ஏன்க்கா, எங்க மேல என்ன கோவம்?"

"கோவம் இல்லடி. எனக்கே ஒண்ணும் புரியல. அதுவும் இல்ல, இதுவும் இல்ல. எழுதினவரு கண்ணையே தொறக்கலியாம். எதைன்னு நேர்ல அறிவேன்னு எழுத?"

"உன்னை யாருக்கா உண்மையைக் கேட்டா? கையெழுத்துதானே கேக்குறாங்க?"

"நாளைக்கு எவனாவது வந்து இது குவாரின்னு சொன்னா?"

"சொல்லட்டுமே. குவாரிதான். எங்க வீட்டாளு விரலு அதுக்குள்ளதான் கெடக்குது. அது நெசம் இல்லியா? அதுக்கு ஒருத்தனும் கல்லு நடல. பாட்டுக்காவது நடட்டும்."

மைக்கம்மா சோளத்தைக் கையில் வாங்கியவர் கடிக்கவே இல்லை. அப்படியே பஸ்ஸில் ஏறினார்.

கடைசி நாள் மேனேஜர் அறையில் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். மைக்கம்மா தாளை மேஜை மேல் வைத்தார். "நேரில் அறிவேன்" என்பதை ஒரே கோடாக அடித்திருந்தார். மேலே சின்ன எழுத்தில், "இந்த இடத்தில் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாட்டைப் போட்டுவருகிறேன். கேட்டவர்கள் இதுதான் என்றார்கள்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேனேஜர் முகம் சுளித்தார். "என்னம்மா இது கிறுக்கி வெச்சிருக்கே?"

"எனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கேன் சார். இதுக்கு மேல கேட்டா தெரியாது."

அதிகாரி தாளைப் பார்த்தார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

"படிக்கலியே சார்?" என்றார் மைக்கம்மா.

"கல்லு போன மாசமே செதுக்கியாச்சும்மா. வண்டியில ஏத்தியாச்சு."

ஞாயிற்றுக்கிழமை கல்லை நட்டார்கள். "பாடலில் வரும் ஏரி இதுவே" என்று பொறித்திருந்தது. பாட்டெழுதியவரின் மனைவி துணியை விலக்கினார், திரும்பவும் அழுதார். பதினாலு கடைக்காரர்களும் கை தட்டினார்கள். நானும் போயிருந்தேன். எந்தக் குழியின் வாசலில் மூன்று வாரம் உட்கார்ந்தோமோ, அதற்குப் பக்கத்தில் ஏரி என்று எழுதிய கல் நின்றது. கை தட்டுவதா வேண்டாமா என்று பிடிபடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மைக்கம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பொய் சொன்னேனா தோழர்?"

"நீங்க எழுதினது பொய் இல்ல."

"கல்லுல இருக்கிறது?"

"அதை நீங்க எழுதல."

"என் கையெழுத்தாலதானே நட்டாங்க?"

எனக்கு எதிராளி யாரென்று தெரிந்தால் பதில் வரும். இங்கே எதிராளி யார்? கடைக்காரர்களா, காய்ச்சலில் தூங்கிய கவிஞரா, அழுத அம்மாளா? படிக்காமல் முத்திரை குத்திய அதிகாரியைத் திட்டலாம். திட்டினேன். அதனால் மைக்கம்மாவுக்கு ஒன்றும் தெளியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல பஸ் கிளம்பியது. சுரங்கம் தாண்டியதும் மைக்கம்மா ஒரு காரியம் செய்தார். முதல்முறையாக ஆட்களுக்கு முதுகைக் காட்டி, முன்கண்ணாடி வழியே பார்த்து நின்றார். அந்த நொடியில் என்னதான் தெரிகிறது என்று ஒருதரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்க்கிற அவசரத்தில் விரல் பட்டனை மறந்துவிட்டது. அமுக்கும்போது நேரம் பிந்திவிட்டது.

வளைவு வந்தது, போனது. இரண்டு மேடும் தண்ணீரும் கல்லும் பாட்டின் பல்லவியிலேயே பின்னால் போய்விட்டன. முப்பது பிரேக்கைத் தொட்டார், வரி எப்போது வரும் என்று தெரியாமல் மெல்ல உருட்டினார். பஸ் அடுத்த திருப்பத்தில் வெட்டிய பாறைச் சுவருக்கு எதிரே வந்தபோதுதான் அந்த வரி விழுந்தது. ஜன்னலுக்கு இரண்டு முழம் தூரத்தில் வெறும் கல். ஈரம்கூட இல்லை.

பின்னால் முப்பத்தாறு பேரும் மூச்சை இழுத்தார்கள். யாரோ "அடடா" என்றார். கேமரா கிளிக் என்றது.

மைக்கம்மா திரும்பி முகங்களைப் பார்த்தார். அதே முகங்கள்தான். மறுபடி பாறையைப் பார்த்தார்.

"அண்ணே, அவங்களுக்கு என்ன தெரியுது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நிறுத்தவா, போகவா?"

மைக்கை வாயருகே கொண்டுபோனவர் என்ன சொல்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது அவர் முகத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பாறையோரம் ஒதுக்கிக் கதவைத் திறந்துவிட்டார். ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள்.